மலையை இடப்பக்கம் விட்டுச் சுற்றிய குல்லா

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நிகழும் மங்களகரமான தை மாதத்தில், அடி அண்ணாமலைக் கிராமத்தில், நம் வீட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளுக்குப் பின்னால், சிவப்பு நிறத்தில் ஒரு குல்லா சுகப்பிரசவமாகப் பிறந்தது. தாய் நான்தான். பிறந்த கையோடு குழந்தை ராணுவத்தில் சேர்ந்து, இன்று காலை ரயிலில் காஷ்மீருக்குப் புறப்பட்டும் போய்விட்டது. இத்தனை சின்ன வயதில் தேச சேவைக்குக் கிளம்பிய குல்லா இந்த ஜில்லாவிலேயே வேறு கிடையாது. ஊரார் யாரும் மாலையோடு வந்து சிரமப்பட வேண்டாம். கல்யாண மாலைகளே இன்னும் காய்ந்துபோய் ஆணியில் தொங்குகின்றன.

அன்புள்ள மகனே, இந்த நல்ல செய்தியை முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால் நான் பன்னிரண்டாவது பாஸ் பண்ண வேண்டும், ஒரு வேலை கிடைக்க வேண்டும், இந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டும் ஒரு பெண் சரி என்று சொல்ல வேண்டும். மூன்றும் நடக்கும் என்று நான் நம்புகிறேன். நம் வீட்டில் நான் மட்டும்தான் நம்புகிறேன். இதை நீ படிக்கிறபோது உனக்கு மீசை முளைத்து, என்னைவிட வயது ஜாஸ்தியாக இருக்கும். எனக்கு இப்போது பதினேழு. மற்ற அப்பாக்கள் எல்லாம் தலை நரைத்த பிறகுதான் பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிறார்கள். அதற்குள் நடந்ததெல்லாம் பாதி மறந்துபோய், தாங்கள் சின்ன வயதில் தங்கமான பிள்ளையாக இருந்ததாக அவர்களே நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. அதனால்தான் சூடாக இருக்கும்போதே எழுதுகிறேன்.

இன்று காலை என் அக்கா மல்லிகா, அதாவது உன் அத்தை, கல்யாணம் முடிந்து புருஷனோடு வடக்கே போய்விட்டாள். நான் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து, கஞ்சி குடித்து, உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றி வாழைநாரால் கட்டிய ஒரு பொட்டலம் இருக்கிறது. அதை இன்னும் பிரிக்கவில்லை. அது என் வெற்றிக் கோப்பை. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். அதற்குள் உனக்கு ஒரு புத்திமதி: மகனே, வாழ்க்கையில் யாரைப் பார்த்தும் பொறாமைப்படாதே. உன் அப்பன் ஒருநாளும் பட்டதில்லை. பட்டதாக உன் அத்தை சொல்லுவாள், நம்பாதே. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் உன் அத்தை எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரிய வேண்டும். இன்றைக்குத் தலை குனிந்து ரயில் ஏறியதைப் பார்த்தவர்கள் இது ஒரு அப்பாவி என்று நினைத்திருப்பார்கள். நான் ஆறாவது படித்தபோது ஒரு பௌர்ணமி அன்று சாயந்திரம், மலை சுற்ற வந்த கூட்டம் நம் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அட்டையில் 'காலணிகளை இங்கே விடவும்' என்று எழுதி, எதிர் வீட்டு வாசலில் மாட்டினோம். யோசனை என்னுடையது, கையெழுத்து அவளுடையது. என் கையெழுத்தைப் பார்த்தால் செருப்பை விடமாட்டார்கள், செருப்பாலேயே அடிப்பார்கள் என்று சொல்லி அவளே எழுதினாள். எதிர் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்தபோது தன் வாசலையே கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்புக் குவியலுக்குப் பின்னால் நின்று அவர் போட்ட சத்தம் கோயில் வரைக்கும் கேட்டது. அப்பா கையில் வேப்பங்குச்சியோடு வந்து "எவன்டா எழுதினது?" என்று கேட்டார். "எவன் இல்லப்பா, எவ. நான்தான்" என்று அவள் முன்னால் வந்து நின்றாள். யோசனை யாருடையது என்று அப்பா கேட்கவே இல்லை, அவளும் சொல்லவில்லை. நான் மூன்று வீடு தள்ளி ஒரு வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து தேசிய கீதம் பாடுகிறவனைப் போல விறைப்பாக இருந்தேன். அப்படி ஒரு கூட்டாளி மகனே. அவளுக்குப் பிறகு என் கூட்டுக் கம்பெனி திவாலாகிவிட்டது.

அவளுக்கு டவுன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் உல்லன் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றப் பெண்கள் ஒரு ரோஜாப்பூவோடு நிறுத்திக்கொண்டார்கள். இவள் நிறுத்தவில்லை. அவள் முதல்முதலாகப் பின்னிய மஃப்ளர் எனக்குத்தான். சிவப்பு. எங்கே நிறுத்துவது என்று அப்போது அவளுக்குத் தெரியாததால் அது என் முழங்கால் வரைக்கும் தொங்கியது. கார்த்திகைக் குளிரில் காதைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, மிச்சத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். பையன்கள் சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு ஒரு முழம் கூடக் கிடையாதே. அதற்கப்புறம் அவள் பின்னியதெல்லாம் எனக்கே வந்தது. ஸ்வெட்டர், கையுறை ஒன்று (மற்றொன்றை எருமை தின்றுவிட்டது), பேனா வைக்க ஒரு பை. இந்த உலகத்தில் கம்பளி என்று ஒன்று இருந்தால் அது எனக்காகத்தான் ஆட்டின் மேல் முளைக்கிறது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஏழுமலை மாமா வந்தார். செங்கம் பக்கத்துக்காரர். மிலிட்டரி. இரண்டு மாத லீவில் வந்தார், பார்த்தார், பிடித்தது என்றார், தையில் கல்யாணம் என்று நிச்சயம் ஆயிற்று. ஒரே ஒரு மலையைச் சுற்றி வளர்ந்தவளுக்கு ஒரே நாளில் ஏழு மலை கிடைத்துவிட்டது. இந்த ஒரு மலையும் அதன் அடியில் கிடக்கிற நானும் இனி எந்த மூலைக்கு? இதை நான் பொறாமையாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொல்கிறேன். நிச்சயம் ஆன மறுநாளே அவள் டவுனுக்குப் போய் ஆலிவ் பச்சையில் உல்லன் நூல் வாங்கி வந்தாள். நான் வழக்கம்போலத் தலையை நீட்டினேன், அளவெடுக்க.

"தலைய எடுடா" என்றாள். "இது உனக்கு இல்ல. அவருக்கு."

"யாருக்கு?"

"அவருக்குடா. அங்க பனி கொட்டுதாம். காதெல்லாம் வெடிச்சிடுமாம்."

"அப்ப எனக்கு?"

"உனக்கு எதுக்கு குல்லா? உன் தலையில கொழுப்பு ஜாஸ்தி. குளிரே ஏறாது."

மகனே, 'அவரு' என்று ஒரு சொல் நம் தமிழில் இருக்கிறது. மரியாதையான சொல்தான். ஆனால் அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டுப் பார். அவருக்குக் காரம் ஆகாதாம். அவரு விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடுவாராம். அவரு பெல்ட்டை மடிக்கிற அழகே தனியாம். நான் விடியறதுக்கு முன்னாடி எழுந்தால் 'திருடன் மாதிரி என்னடா உலாத்தற' என்பார்கள்.

அந்தக் குல்லாவைப் பற்றி உனக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் என் வயிற்றெரிச்சலின் தரம் உனக்குப் புரியும். வயிற்றெரிச்சல் என்றா எழுதினேன்? வயிற்றில் ஏதோ அஜீரணம், அவ்வளவுதான். குல்லாவைத் தட்டையாகப் பின்னி, சுருட்டி, பின்பக்கம் தைத்துவிடுவது சுலபமான வழி. தைத்த இடம் தலையை அறுக்கும். அக்கா தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னினாள். இரண்டு முனையும் கூராக இருக்கிற நாலு கம்பி வேண்டும். மூன்று கம்பிகளில் கண்ணிகளைப் பங்கு போட்டு, முக்கோணமாக நிறுத்தி, நாலாவது கம்பியால் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். வெறும் வட்டமாகப் பின்னினால் வாளி மாதிரி மொழுக்கென்று இருக்கும். அவள் அதில் மல்லாட்டை வைத்தாள். ஒரே கண்ணிக்குள் நூலை மூன்று தடவை விட்டு எடுத்து, அடுத்த சுற்றில் மூன்றையும் பிடித்து ஒன்றாக்கினால் வெளிப்பக்கம் ஒரு புடைப்பு எழும். அப்படி இரண்டு புடைப்பு மேலும் கீழுமாக வந்தால், நம் கொல்லையில் பிடுங்கிய மல்லாட்டையேதான், தோலோடு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத டிசைன். நம் வயல், நம் மல்லாட்டை, அது போய் அவர் தலையில் காய்க்கப் போகிறது. என் ஸ்வெட்டரில் ஒரு கடுகு கூட இல்லை.

அவரை வெறுக்கலாம் என்று பார்த்தால், அதற்கும் அந்த மனுஷன் ஒரு வழி வைக்கவில்லை. தீபத்துக்கு நம் வீட்டுக்கு வந்தபோது அவருடைய காபியில் சர்க்கரைக்குப் பதில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் நின்று அவர் துப்பப் போகிற திசையைக் கூட உத்தேசித்து வைத்திருந்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் யோசித்தார். மீதியையும் குடித்துவிட்டு டம்ளரை என்னிடமே நீட்டினார்.

"அங்கெல்லாம் டீயிலயே உப்புதான் போடறாங்க மச்சான். பழகிப்போச்சு. நம்ம ஊருக்கு வந்தா இது கிடைக்காதேன்னு நெனச்சிட்டு வந்தேன்."

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? எல்லையில் எதிரி கஷ்டப்படுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இதில் அக்கா அடுப்படியில் நின்று சிரித்தாள். நான் போட்ட உப்புக்கு அவள் சிரித்திருந்தால் பரவாயில்லை. அவர் சொன்னதற்குச் சிரித்தாள்.

அன்றைக்கே நான் அறிவித்துவிட்டேன். "எனக்கு யாரும் பின்ன வேணாம். நானே பின்னிக்கறேன். உன்னோடதைவிட நல்லா."

"நீயா? சட்டை பட்டன் தைக்கச் சொன்னா உன் விரலையும் சேர்த்துத் தைக்கிறவன்தானே நீ?"

"கல்யாணத்துக்குள்ள முடிச்சிக் காட்டறேன்."

"காட்டு. கத்துக்குடுன்னு மட்டும் என்கிட்ட வராத. எனக்கு அவரோடது முடிக்கணும்."

அவரோடது! சரி. முதல் பிரச்சினை கம்பி. அக்கா தன் கம்பியைத் தொடவிடமாட்டாள். அப்பாவின் சைக்கிள் பின்சக்கரத்தில் தேவைக்கு அதிகமாகவே கம்பிகள் இருப்பதாக எனக்குப் பட்டது. நாலைக் கழற்றி, தலையையும் வாலையும் வெட்டி, முனைகளை அம்மியில் தேய்த்துக் கூராக்கினேன். அன்று அரைத்த சட்னியில் இரும்புச்சத்து கொஞ்சம் ஜாஸ்தி. எல்லோரும் தெம்பாக இருந்தார்கள். அப்பா மட்டும் வயலிலிருந்து வந்ததும் சைக்கிளைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்.

"சக்கரம் ஏன்டா இந்த ஆட்டம் ஆடுது?"

"கல்யாண வீடு இல்லியாப்பா. அதுக்கும் சந்தோஷம்."

இரண்டாவது பிரச்சினை நூல். அதற்கு நான் செய்ததை உன்னிடம் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. பெட்டியிலிருந்து அந்தச் சிவப்பு மஃப்ளரை எடுத்து ஒரு முனையிலிருந்து பிரித்தேன். அவளுக்கு வேண்டாம் என்றால் எனக்கு எதற்கு என்று ஒரு வேகம். பிரிக்க ஆரம்பித்தால் நிற்கவே இல்லை மகனே, கடகடவென்று வந்தது. அத்தனை நாளாக அவள் போட்ட முடிச்சுகளை நான் ஒரு மத்தியானத்தில் பிரித்துவிட்டேன். நூல் நேராகவே இல்லை. பின்னியிருந்த வளைவெல்லாம் நினைவு வைத்துக்கொண்டு, சேமியா மாதிரி சுருண்டு சுருண்டு கிடந்தது.

அவள் பின்னும்போது எதிரில் உட்கார்ந்து பாடம் படிக்கிற மாதிரி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் விரலைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். மூன்று கம்பியிலும் கண்ணி போட்டுவிட்டு, வட்டத்தைச் சேர்க்கும்போது அது எங்காவது ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. நாலு விரல் உயரம் வளர்ந்த பிறகுதான் அது குல்லா இல்லை, முறுக்கு என்று தெரிந்தது. தீபாவளிக்கு வேண்டுமானால் பயன்படும். முழுசாகப் பிரித்து மறுபடி தொடங்கினேன். இதில் உனக்கு ஒரு புத்திமதி இருக்கிறது: எதையாவது வட்டமாகச் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து பார். அப்புறம் என்ன இழுத்தாலும் நேராகாது.

இரண்டாவது தடவை அருமையாக வந்தது. மல்லாட்டை கூட வந்தது. அவளுடையது முற்றிய காய், என்னுடையது பிஞ்சு, அவ்வளவுதான் வித்தியாசம். காதுக்கு மேல் வரை வந்துவிட்டேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பின்னப் பின்ன, குல்லா என் கையில் தப்புப் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாம் அடி அண்ணாமலைக்காரர்கள் மகனே. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுகிறோம். வயலுக்குப் போகிற வழியில் ஒரு பிள்ளையாரைக் கூட நாம் தப்புப் பக்கமாகச் சுற்றியதில்லை. மாடு கூட நம் ஊரில் செக்கை வலமாகத்தான் சுற்றும். இங்கே என்னடாவென்றால் என் குல்லா அத்தனை சுற்றும் எதிர்ப்பக்கமாகவே போயிருக்கிறது. கல்யாண வீட்டில் இப்படி ஒன்றைப் பின்னி வைத்தால் என்னாவது? அவர் மேல் எனக்கு என்ன இருந்தாலும் அக்காவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. சட்டென்று குல்லாவைத் திருப்பிப் பிடித்து, கம்பியை அந்தப் பக்கம் கொண்டுபோய், உட்பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரி வைத்துப் பின்னினேன். இப்போது அது கச்சிதமாக வலம் சுற்றியது. நிம்மதியாக நாலைந்து விரல் ஏற்றினேன். முன்னைவிட வேகமாக வேறு வந்தது. சாமியே தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது.

கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். அவள் கையில் வாங்கினாள். வெளியே தடவினாள். உள்ளே கைவிட்டுத் தடவினாள். காதுக்கு மேலே இருந்த ஓட்டையில் ஒரு விரலை விட்டு ஆட்டினாள்.

"இன்னாடா இது?"

"குல்லா."

"அது சரி. கீழ்ப்பாதி மல்லாட்டை வெளிய இருக்கு. மேல்பாதி மல்லாட்டை எங்க?"

"உள்ள."

"ஏன்டா உள்ள?"

காரணத்தைச் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிச்சயம் ஆனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செருப்பு மலைக்குப் பின்னால் எதிர் வீட்டுக்காரர் நின்ற அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"லூசு! மலை எங்கடா சுத்துது? குல்லாதான்டா மலை. நூலுதான் நடந்து போறது. பஸ்ஸுல போறப்ப மரமெல்லாம் பின்னால ஓடுதே, அப்ப பஸ்ஸு பின்னாலயா போவுது? குல்லா உன் கையில இப்படித் திரும்பினா, நூலு அப்படிப் போவுதுன்னு அர்த்தம். நல்லா வலமா போயிட்டிருந்ததைப் புடிச்சி நீதான் இடமா திருப்பி உட்டிருக்க. திருப்பின எடத்துல பாரு, ஓட்டை."

குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு, நூலை விரலால் தொடர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ஆனால் உன் அப்பன் சட்டென்று ஒப்புக்கொள்ளுகிற ஆளா?

"டிசைன்க்கா. வெளிய இருக்கிற மல்லாட்டை பாக்கறவங்களுக்கு. உள்ள இருக்கிறது போட்டுக்கறவனுக்கு."

"அந்த ஓட்டை?"

"காது கேக்க வேணாமா?"

"பிரிச்சிட்டு வா. நான் கண்ணி எடுத்துக் குடுக்கறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒன்றரை மாதமாகக் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள். ஆனால் அந்த நேரம் பார்த்து அவள் மடியில் அந்தப் பச்சைக் குல்லா இருந்தது. முடிந்துபோய், நுனி கூடத் தெரியாமல் உச்சி மூடி, மல்லாட்டை எல்லாம் வரிசையாக. பார்த்ததும் எனக்கு அஜீரணம் மறுபடி வந்துவிட்டது. "வேணாம். உங்க அவரோடதைப் பாரு" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணம் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட நான் போனபோது அவர் என் காதருகில், "விரலை முறுக்கிடாத மச்சான், துப்பாக்கி புடிக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கோபம் அதனால்தான் இன்னும் ஜாஸ்தி ஆயிற்று. செங்கம் போய்விட்டு மறுவீட்டுக்கு இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். இங்கிருந்தே வடக்கே பயணம். அவருக்குக் குடும்பத்தோடு தங்க வீடு கிடைத்திருக்கிறதாம். அக்கா தகரப் பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். பச்சை நூலில் மிச்சம் ஒரு எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டை இருந்தது. அதைப் பார்த்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்தப் பச்சையில கொஞ்சம் குடேன்."

"எதுக்கு?"

"என்னோட குல்லாவுக்கு மேல ஒரு பொட்டு மாதிரி வெச்சா அழகா இருக்கும்."

"முடியாது. அது அவருக்கு. அங்க குல்லாவுல ஓட்டை விழுந்தா நான் எந்தக் கடைக்குடா போவேன்? டவுன்லயே இந்தப் பச்சை தீந்துபோச்சு, இனிமே வராதுன்னுட்டான்."

அவருடைய குல்லாவில் இன்னும் விழாத ஓட்டைக்கு நூல் இருக்கிறது. என் குல்லாவில் விழுந்துவிட்ட ஓட்டைக்கு இல்லை. அப்போது முடிவு செய்தேன் மகனே. என் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலை. அக்கா பச்சைக் குல்லாவைச் செய்தித்தாளில் சுற்றி வாழைநாரால் கட்டிப் பெட்டியின் ஓரத்தில் வைத்திருந்தாள். நான் என் சிவப்புக் குல்லாவை அதே மாதிரி தாளில், அதே மாதிரி நாரில் கட்டினேன். நேற்று முன்தினம் அவள் குளிக்கப் போன நேரத்தில் மாற்றிவிட்டேன். சிவப்பு பெட்டியில், பச்சை மல்லாட்டை மூட்டையில். காஷ்மீரில், கொட்டுகிற பனியில், அவர் ஆசையாகப் பொட்டலத்தைப் பிரித்துத் தலையில் மாட்டுவார். உள்ளே இருக்கிற மல்லாட்டை ஒவ்வொன்றும் மண்டையில் குத்தி, 'மச்சான், மச்சான்' என்று சொல்லும்.

இன்று காலை அந்தப் பொட்டலத்தை என் ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நகர்ந்த பிறகு அதைப் பிரித்து, பச்சைக் குல்லாவைத் தலையில் மாட்டி, பிளாட்பாரத்தில் விறைப்பாக நின்று அவருக்கு ஒரு சல்யூட் அடிப்பது திட்டம். ஓடுகிற ரயிலிலிருந்து அவர்கள் என்ன செய்ய முடியும்?

"பையில இன்னாடா?" என்றாள் அக்கா.

"நோட்டு. படிக்கலாம்னு."

"ஒரு வாரமா ஸ்கூல் பக்கமே போவாதவன் ஸ்டேஷன்ல படிக்கிறியா? சரி, கூஜாவுல தண்ணி புடிச்சிக்கிட்டு வா. பையை இங்க வெச்சிட்டுப் போ, தண்ணி சிந்திடப் போவுது."

பிடித்துக்கொண்டு வந்தேன். வண்டி ஊதியது. மாமா என் தோளைத் தட்டி, "லீவுக்கு நீ அங்க வா மச்சான், உப்பு டீ போட்டுத் தரேன்" என்றார். அக்கா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தலைமுடியைக் கலைத்தாள். "அப்பா சைக்கிளுக்குக் கம்பி போட்டுடுடா. பாவம், ஆடி ஆடிப் போறாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. வண்டி நகர்ந்தது. நான் பையில் கைவிட்டேன். பொட்டலம் கையில் பட்டது. பிரிக்கவில்லை. ரயில் என்ஜினிலிருந்து கரித்தூள் பறந்து கண்ணில் விழுந்துவிட்டது. இரண்டு கண்ணிலும். நிறைய. காட்பாடி போகிற பாதை வளைந்து ரயில் மறைகிற வரைக்கும் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. சல்யூட்டும் அடிக்க முடியவில்லை. அந்த என்ஜினைப் பற்றி ரயில்வேக்குப் புகார் எழுதலாம் என்று இருக்கிறேன்.

ஆக மகனே, உன் அப்பன் தன் கையாலேயே குல்லா பின்னியவன், ஒரு மிலிட்டரிக்காரரையே ஏமாற்றியவன், யாரிடமும் பொறாமை இல்லாதவன். கடிதம் முடிந்தது. இதோ, என் வெற்றிக் கோப்பையைப் பிரிக்கிறேன்.

மகனே, கடிதம் முடியவில்லை.

பொட்டலத்தில் இருந்தது சிவப்பு. என் குல்லா. அதே கீழ்ப்பாதி வெளி மல்லாட்டை, மேல்பாதி உள் மல்லாட்டை. காதுக்கு மேலே இருந்த ஓட்டையைக் காணோம். பச்சை நூலால் அடைத்திருக்கிறது. தண்ணீர் பிடிக்க நான் போன நேரத்தில் பொட்டலம் மாறியிருக்கிறது. அதற்கு முன்பே, இந்த இரண்டு நாளில், வந்து போன சொந்தக்காரர்களுக்கு நடுவில், எப்போதோ உட்கார்ந்து அவள் பின்னியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போது கண்டுபிடித்தாள் என்றும் தெரியவில்லை. அவளுக்குப் பொட்டலத்தைத் தொட்டாலே போதும், மல்லாட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல் சொல்லியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'தாய் நான்தான்' என்று மேலே அறிவித்தேன் அல்லவா? அதை வாபஸ் வாங்குகிறேன். நான் அந்தக் குல்லாவை முடிக்கவே இல்லை. பிரித்துப் பிரித்துச் சிக்கி அறுந்து வீணானது போக இருந்த சிவப்பு நூல், உச்சிக்கு நாலு விரல் இருக்கும்போதே தீர்ந்துபோயிற்று. கண்ணிகளை எப்படிக் குறைத்து வாயை மூடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. குல்லாவின் வாயைச் சொல்கிறேன். என் வாயை மூடுவது எப்படி என்று யாருக்குமே தெரியாது. மல்லாட்டை மூட்டையைக் கட்டுகிற மாதிரி சணலால் இழுத்துக் கட்டி, அப்படியேதான் தாளில் சுற்றினேன். பொட்டு வைக்கப் பச்சை கேட்டதெல்லாம் பொய். அக்காவிடம் 'முடிக்கத் தெரியலக்கா' என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த உச்சி மூடியிருக்கிறது. பச்சையில். சுற்றுக்குச் சுற்று குறைந்து, மலை உச்சி மாதிரி ஒரு புள்ளியில் போய் முடிகிறது. விரலை வைத்துத் தொடர்ந்து பார்த்தேன். நூல் வலமாகத்தான் போகிறது. நான் கட்டிய சணலை அழகாகச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறாள். நாலு விரல் உயரம் பின்ன வேண்டுமென்றால் அந்த எலுமிச்சங்காய் உருண்டை முழுவதும் தீர்ந்திருக்கும். அவருக்கென்று வைத்திருந்தது. எனக்கு ஒரு முழம் கூடக் கிடையாது என்று சொன்னது. காஷ்மீரில் மாமாவின் குல்லாவில் ஓட்டை விழுந்தால் அடைக்க இனி ஒரு இழை கூட அவளிடம் இல்லை.

அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "இந்த வெயில்ல எதுக்குடா குல்லா?" என்கிறாள். குளிருதும்மா என்று சொல்லிவிட்டேன். உள் மல்லாட்டை மண்டையில் நன்றாகவே குத்துகிறது. கழற்றப் போவதில்லை. வருகிற பௌர்ணமிக்கு மலை சுற்றப் போவேன், மாமா குல்லாவில் ஓட்டை விழக்கூடாது என்று வேண்டிக்கொள்ள. நிஜமாகத்தான் சொல்கிறேன். பொறாமை பற்றி மேலே எழுதியிருக்கும் புத்திமதியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும். நீ படிக்கும்போது உன் அத்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாகப் படி. அந்த இடம் வரும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.